பூஜ்யமும் நூறும்: தரவில் பிழை இல்லை

வணக்கம். உங்கள் அட்டவணையில் சிறிய நாடுகளின் மின் உற்பத்தியில் புதைபடிவ எரிபொருளின் (நிலக்கரி, எண்ணெய், எரிவாயு) பங்கு பூஜ்யம் அல்லது நூறு சதவீதத்தை ஒட்டியே நிற்கிறதே, தரவு தவறா என்று கேட்டிருந்தீர்கள். தவறில்லை. பெரிய நாட்டில் நிலக்கரி, அணை, அணு, காற்று எல்லாம் கலந்து சராசரி நடுவில் வந்து நிற்கும். சிறிய நாட்டுக்கு வாய்ப்பது பெரும்பாலும் ஒன்றிரண்டுதான். பூட்டானுக்கு ஆறுகள்; ஐஸ்லாந்துக்கு ஆறுகளும் புவிவெப்பமும்; புருனேக்கு எரிவாயு. சிங்கப்பூரில் சுமார் 95 சதவீதம் இறக்குமதி எரிவாயு. எதுவும் வாய்க்காத தீவுகள் பல டீசலை நம்புகின்றன. அதை அலட்சியம் என்று சொல்வோரைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். சிறிய மின்கட்டமைப்பில் ஒரே பெரிய நிலையம் திடீரென நின்றால் தீவே இருளும். டீசல் இயந்திரங்களையோ தேவைக்கேற்பச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம்.

ஆனால் ஓரிடத்தில் கவனம் தேவை. உங்கள் அட்டவணை உற்பத்தியை அளக்கிறது, நுகர்வை அல்ல. லக்சம்பர்க் தன் மின்சாரத்தில் பெரும்பகுதியை அண்டை நாடுகளிடம் வாங்குகிறது. பூட்டானும் குளிர்காலத்தில் ஆற்றுநீர் குறையும்போது இந்தியாவிடம் வாங்குகிறது. அங்கோ நிலக்கரிதான் பெரும்பங்கு. எனவே பூட்டானுக்கு எதிரே உள்ள பூஜ்யத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். இறக்குமதிக்கென ஒரு தனி நெடுவரிசை சேர்த்த பிறகு நாடுகளை வரிசைப்படுத்துங்கள்.