மனச்சாட்சியின் செலவுக் கணக்கு

அன்புள்ள ஐயா,

நான் அமெரிக்காவில், டென்வர் நகரத்துக்கு அருகே சிறிய புகைப்பட நிலையம் நடத்துகிறேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். இரண்டு பேர் என்னிடம் வேலை பார்க்கிறார்கள். பல வருடங்களாக எங்களிடம் படம் எடுத்துக்கொள்ளும் ஒரு குடும்பத்தின் மகள் இன்னொரு பெண்ணைத் திருமணம் செய்யப்போகிறாள். படமெடுக்க என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். என் விசுவாசம் இடங்கொடுக்கவில்லை. மறுக்கலாம் என்றிருக்கிறேன் என்றதற்கு என் மகன், "இதற்குப் பெயர் வெறுப்பு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். சபையிலோ, இப்படியொரு திருமணத்துக்குக் கேக் செய்ய மறுத்த கேக் கடை ஜாக் பிலிப்ஸைப் போல நீங்களும் உறுதியாக நிற்க வேண்டும், கிறித்தவர்களுக்கு இந்த நாட்டில் உபத்திரவ காலம் தொடங்கிவிட்டது என்கிறார்கள். ஒரு கிறித்தவ வணிகன் தன் மனச்சாட்சிப்படி தொழில் செய்ய இடமுண்டா, இல்லையா? இதுபற்றி வாசிக்கச் சில நூல்களையும் சொல்லுங்கள். பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஹாபி லாபி என்ற அமெரிக்கக் கடை நிறுவனத்தின் மனச்சாட்சி வழக்கில் வந்த தீர்ப்பைச் சில வாரங்களாக மறுபடியும் வாசித்துக்கொண்டிருந்த வேளையில் உங்கள் கடிதம் வந்ததால், வழக்கமாக நான் எடுத்துக்கொள்ளும் காலத்தை எடுத்துக்கொள்ளாமல் உடனே பதில் எழுதுகிறேன். நூல் பட்டியல் எதுவும் தரப்போவதில்லை. தீர்ப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றையே வாசியுங்கள், மாறுபட்டு எழுதிய நீதிபதிகளின் பக்கங்களையும் சேர்த்து.

உங்கள் சபையார் சொல்லும் உபத்திரவத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. 2008ஆம் ஆண்டில் ஒடிசாவின் கந்தமாலில் கிறித்தவர்கள் தங்கள் வீடும் ஆலயமும் எரிய, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடினார்களே, அவர்களுக்கு உரிய சொல் அது. அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை வழக்கு நடத்தி, ஏழு நீதிபதிகளுக்கு இரண்டு பேர் என்ற கணக்கில் வென்ற ஒரு கடைக்காரருக்காக அந்தச் சொல்லைச் செலவழிக்காதீர்கள். பிலிப்ஸ் பட்ட சிரமம் உண்மையானதுதான், ஆனால் அதற்கு அதனளவில் ஒரு பெயர் கொடுத்தால் போதும்.

உங்கள் மகனுடைய முடிவையும் என்னால் ஏற்க முடியவில்லை. 2012 ஜூலையில் உங்கள் ஊருக்குப் பக்கத்து லேக்வுட்டில் இரண்டு ஆண்கள் தங்கள் திருமணத்துக்குக் கேக் கேட்டு வந்தபோது, பிறந்தநாள் கேக்கோ பிஸ்கட்டோ எது வேண்டுமானாலும் தருகிறேன், இந்தத் திருமணத்துக்கான கேக்கை மட்டும் செய்ய இயலாது என்று பிலிப்ஸ் சொன்னார். அவர் ஹாலோவீன் கேக்கும் செய்வதில்லை, மதுவைச் சேர்த்தும் செய்வதில்லை. வெறுப்பு என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இவ்வளவையும் அடைத்துவிட முடியாது. வழக்கை விசாரித்து பிலிப்ஸுக்கு எதிராக உத்தரவிட்ட மாநிலக் குடிமை உரிமை ஆணையத்தின் உறுப்பினர் ஒருவர், அடிமை முறையையும் யூதப் படுகொலையையும் நியாயப்படுத்த மதம் பயன்பட்டதைச் சுட்டி, பிலிப்ஸின் வாதமும் அந்த வகையைச் சேர்ந்த இழிந்த பேச்சு என்ற பொருளில் பேசினார். 2018 ஜூனில் நீதிபதி கென்னடி எழுதிய தீர்ப்பு பெரும்பாலும் அந்தப் பேச்சின் மீதுதான் நின்றது: அரசு ஒருவருடைய மதத்தின்மேல் பகை காட்டி விசாரிக்கக் கூடாது என்றார்களே தவிர, கடைக்காரர் மறுக்கலாமா கூடாதா என்ற கேள்வியை அப்படியே விட்டுவிட்டார்கள். ஆகவே பிலிப்ஸ் வென்றார் என்று சபையில் சொல்லப்படுவதில் பாதிதான் உண்மை.

உங்கள் தொழிலுக்கு நெருக்கமானவை வேறு வழக்குகள். நியூ மெக்சிகோவில் ஒரு புகைப்பட நிறுவனம் இரண்டு பெண்களின் இணைப்பு விழாவைப் படமெடுக்க மறுத்து, 2013இல் அந்த மாநில உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. அந்த நீதிபதிகளில் ஒருவரான பாசன், கடைத்தெருவில் இப்படிச் சற்று விட்டுக்கொடுப்பது குடிமகனாக இருப்பதற்கு நாம் கொடுக்கும் விலை என்று எழுதினார். பத்தாண்டுகள் கழித்து, 2023 ஜூன் 30 அன்று, உங்கள் கொலராடோவைச் சேர்ந்த 303 கிரியேட்டிவ் என்ற இணையதள வடிவமைப்பு நிறுவனத்தின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று எதிர்த்திசையில் தீர்ப்பளித்தது. அதுவும் மதச் சுதந்திரத்தை வைத்து எழுதப்பட்ட தீர்ப்பு அன்று, பேச்சுரிமையை வைத்து எழுதப்பட்டது. ஒருவர் தன் படைப்பால் சொல்ல விரும்பாத ஒன்றைச் சொல்லும்படி அரசு அவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்றது. கடவுள் நம்பிக்கையே இல்லாத வடிவமைப்பாளருக்கும் அதே பாதுகாப்பு உண்டு. உங்கள் ஒளிப்படம் அந்த வகைப் படைப்பில் சேருமா என்பதை டென்வரில் உள்ள ஒரு வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும்.

இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு பெல்ஃபாஸ்டிலிருந்து வந்தது. அங்கே மக்கார்தர் குடும்பம் நடத்தும் அடுமனையின் பெயர் ஆஷர்ஸ்; "ஆசேருடைய ஆகாரம் கொழுமையாயிருக்கும்" என்ற ஆதியாகம வசனத்திலிருந்து எடுத்த பெயர். 2014இல் ஒரு வாடிக்கையாளர் 36.50 பவுண்டு கொடுத்து, ஓரினத் திருமணத்தை ஆதரியுங்கள் என்ற வாசகம் எழுதிய கேக்குக்குச் சொல்லிவிட்டுப் போனார். முதலில் ஒப்புக்கொண்டவர்கள் சில நாளில் தொலைபேசியில் அழைத்து, எழுத முடியாது என்று சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டு நீதிமன்றங்களில் தோற்று, 2018 அக்டோபரில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சொல்ல வென்றார்கள். அவர்களுடைய மறுப்பு வாசகத்தின் மேல்தான், கேட்டு வந்த மனிதர் மேல் இல்லை, அந்த வாசகத்தை யார் கேட்டிருந்தாலும் எழுதியிருக்க மாட்டார்கள் என்று தலைமை நீதிபதி ஹேல் பிரித்துக் காட்டினார். ஒருவர் ஓரினச் சேர்க்கையாளர் என்பதற்காகக் கேக் தர மறுப்பது மனித மாண்புக்கு எதிரானது என்பதையும் அதே தீர்ப்பில் தயங்காமல் எழுதினார்.

வாசகத்தையும் மனிதரையும் பிரிக்கும் இந்தக் கோடு ஏன் அவ்வளவு முக்கியம் என்பது ஒரு திருநெல்வேலிக்காரருக்கு நான் விளக்கித் தெரிய வேண்டியதில்லை. தென் கரோலினாவில் பிக்கி பார்க் என்ற உணவகங்களின் முதலாளி, கறுப்பர்கள் வாங்கிக்கொண்டு போகலாம், உள்ளே உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்று வைத்திருந்தார். இனங்கள் கலப்பது தன் கிறித்தவ நம்பிக்கைக்கு விரோதம் என்று 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டத்தையே எதிர்த்து வாதாடினார். 1968இல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஓர் அடிக்குறிப்பிலேயே அற்பமானது என்று தள்ளியது. நம் ஊர்த் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? வடக்கன்குளத்தில் ஒரே ஆலயத்துக்குள் சாதிக்கு ஒரு பக்கம் என்று பிரித்து எழுப்பிய சுவர் 1910இல் இடிக்கப்படும்வரை நின்றதே, அதன் இரு பக்கமும் மண்டியிட்டவர்கள் ஒரே ஜெபத்தைத்தானே சொன்னார்கள்? "என் விசுவாசம் இடங்கொடுக்கவில்லை" என்று எழுதும்போது இந்த வரலாறும் நம் கூடவே வருகிறது. அதற்காக உங்கள் விசுவாசம் பொய் என்று சொல்லவில்லை. மறுக்கும் வாய் நம்முடையதாக இருக்கும்போது இரண்டு மடங்கு எச்சரிக்கையாக இருங்கள் என்கிறேன்.

ஆனால் சில வாரங்களாக என்னைப் படுத்துவது இந்தக் கோடும் இல்லை. மனச்சாட்சிக்கு ஆகும் செலவை யார் கொடுப்பது என்பதுதான்.

என் பெரியப்பா பாளையங்கோட்டையில் அச்சகம் வைத்திருந்தார். காலால் மிதித்து ஓட்டும் ஒரு டிரெடில் இயந்திரம், எழுத்துப் பெட்டிகள், எழுத்துக் கோக்க ஒரு கம்பாசிட்டர், ஒரு பையன், அவ்வளவுதான் அச்சகம். சி.எஸ்.ஐ. சபையில் கமிட்டி உறுப்பினர், ஆனாலும் கோயில் கொடை நோட்டீஸ் மேலே பிள்ளையார் சுழியோடு அவர் கையாலேயே அச்சாகும். அவரவர் சாமிக்கு அவரவர் எழுதுகிறார்கள், எனக்கென்ன என்பார். லாட்டரி ரிசல்ட் தாளை மட்டும் அடிக்க மாட்டேன் என்று உறுதியாக நின்றார். அந்நாட்களில் சின்ன அச்சகங்களுக்கு அது அன்றாடம் கைக்கு வரும் காசு. ஏஜெண்ட் ஒருவர் முன்பணத்தோடு வந்து உட்கார்ந்து கேட்டபோது, ஏழைகளின் கூலியைச் சூதில் இழுக்கும் தாளை அச்சடிக்க முடியாது என்று பெரியப்பா அனுப்பிவிட்டார். ஸ்டிக்கில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த கம்பாசிட்டர் தலையைத் தூக்காமலே, "ஐயா, சாமி உங்களுக்கு. நைட் பேட்டா போனது எனக்கு" என்றார். பெரியப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. எதுவும் பேசவில்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமை சம்பளக் கவரில் இரவு வேலைக்குரிய பேட்டாவையும் வைத்தார், பல மாதங்கள் அப்படியே வைத்தார், வீட்டில் பெரியம்மாவிடம் அதைச் சொல்லிப் புலம்பவும் செய்தார். அவர் பெரிய தியாகி ஒன்றுமில்லை. கருமி என்றே உறவில் பெயர். ஆனாலும் தன் மனச்சாட்சிக்கு வந்த பில்லை இன்னொருவர் தலையில் கட்டவில்லை.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு அமெரிக்க வழக்குகளைப் பாருங்கள். பிலடெல்பியாவில் துணியும் அறைகலனும் விற்ற வைதீக யூத வணிகர்கள் தங்கள் ஓய்வுநாளுக்காக வெள்ளி மாலை தொடங்கி சனி மாலைவரை கடையை மூடினார்கள். ஞாயிறன்று எல்லாரும் மூட வேண்டும் என்று பென்சில்வேனியா சட்டம் சொன்னதால், வாரத்தில் அவர்களுக்கு மட்டும் இன்னொரு நாளும் போயிற்று. 1961இல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று அவர்களைக் கைவிட்டது. விசுவாசமா பிழைப்பா என்று ஒருவரைத் தேர்ந்தெடுக்க வைப்பது கொடுமை என்று நீதிபதி ஸ்டூவர்ட் மாறுபட்டு எழுதினார். அவர் பக்கம்தான் நான். அந்த வணிகர்கள் கேட்ட சலுகையால் வேலைக்காரருக்கோ வாடிக்கையாளருக்கோ ஒரு காசும் இழப்பில்லை.

அடுத்து, ஆமிஷ் என்ற எளிய வாழ்க்கை வாழும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த ஒரு விவசாயி, தச்சு வேலையும் செய்தவர். முதியோரைச் சபையே பார்த்துக்கொள்ளும் என்பது அவர்கள் கொள்கை. ஆகவே தன் வேலையாட்களுக்கான சமூகப் பாதுகாப்பு வரியைக் கட்ட மறுத்தார். 1982இல் நீதிமன்றம் ஒருமனதாக மறுத்தது: தானாக விரும்பி வணிகத்துக்குள் வந்தவர், தன் நம்பிக்கையின் எல்லைகளை மற்றவர்களையும் கட்டும் ஒரு திட்டத்தின் மேல் ஏற்ற முடியாது. வேலையாட்களும் ஆமிஷாகவே இருந்தால் விலக்கு உண்டு என்று 1988இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தியது. நியாயமான திருத்தம். முதலாளியும் தொழிலாளியும் ஒரே நம்பிக்கைக்குத் தாங்களே விலை கொடுக்கிறார்கள்.

இப்போது ஹாபி லாபி. ஓக்லஹோமாவின் கிரீன் குடும்பத்துக்குச் சொந்தமான கைவினைப் பொருள் கடைகள். ஞாயிறு முழுவதும் எல்லாக் கடைகளையும் மூடி, அந்த வியாபாரத்தைத் தாங்களே இழக்கிறார்கள். அதை நான் மதிக்கிறேன். ஈராக்கிலிருந்து கடத்தப்பட்ட தொல்பொருள்களை வாங்கி 2017இல் 30 லட்சம் டாலர் கட்டிய கதையை எதிரணியினர் ஓயாமல் இழுப்பார்கள். ஒரு குற்றம் செய்தவருக்கு மனச்சாட்சியே கிடையாது என்றாகிவிடாது, விடுங்கள். 2010ஆம் ஆண்டு மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின்படி ஊழியர்களின் காப்பீட்டில் 20 வகைக் கருத்தடை முறைகள் இருக்க வேண்டியிருந்தது. அவற்றில் நான்கு, கருவுற்ற முட்டையை அழிக்கக்கூடும் என்று நம்பி, அந்த நான்கையும் தர மறுத்தார்கள். 2014 ஜூன் 30 அன்று ஐந்துக்கு நான்கு என்று வென்றார்கள், 1993ஆம் ஆண்டின் சமயச் சுதந்திர மீட்புச் சட்டத்தின் பலத்தில். பெயோட்டே என்ற போதை தரும் கள்ளியைத் தங்கள் வழிபாட்டில் உட்கொண்டதால் வேலையும் போய், உதவித்தொகையும் கிடைக்காமல் 1990இல் தோற்றுப்போன பூர்வகுடிச் சபையார் இருவரின் வழக்கிலிருந்து பிறந்த சட்டம் அது. 13,000க்கு மேல் ஆட்களை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அது கவசமாகும் என்று அன்று எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்?

அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி அலிட்டோவுக்கும் ஒரு நியாயம் உண்டு: மத அமைப்புகளுக்குச் செய்ததைப் போலக் காப்பீட்டு நிறுவனமே அந்தச் செலவை ஏற்கும்படி அரசு செய்தால், பெண்களுக்கு இழப்பு எதுவும் இராது என்றார். அப்படிச் செய்தால், சரி. ஆனால் மாறுபட்ட நீதிபதி கின்ஸ்பர்க் தன் மறுப்புரையில் சொன்னதை என்னால் தாண்ட முடியவில்லை: கருப்பைக்குள் பொருத்தும் சாதனத்துக்கு ஆகும் செலவு, குறைந்தபட்சக் கூலி வாங்கும் ஒரு பெண்ணுக்கு ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். கல்லாவில் நிற்கும் அந்தப் பெண் கத்தோலிக்கரோ, முஸ்லிமோ, எதிலும் சேராதவரோ தெரியாது. முதலாளியின் பைபிளை அவர் ஏற்றுக்கொண்டு வேலைக்குச் சேரவில்லை. முதலாளியின் விசுவாசத்துக்கான ரசீது அவர் பெயரில் எழுதப்பட்டால், எனக்கு அங்கே மனச்சாட்சி தெரியவில்லை, முதலாளித்தனம்தான் தெரிகிறது. பெரியப்பாவின் கம்பாசிட்டர் ஒற்றை வாக்கியத்தில் சொல்லி முடித்ததைத்தான் கின்ஸ்பர்க் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். பிலிப்ஸாவது, ஆணையத்தின் உத்தரவுக்குப் பிறகு திருமண கேக் செய்வதையே அடியோடு நிறுத்தி, வியாபாரத்தில் 40 சதவீதம் போயிற்று என்றார். அந்த இழப்புக்கு முன் தலை வணங்குகிறேன், அவர் முடிவோடு உடன்படாமலே.

உங்கள் கேள்விக்கு வருகிறேன்; கடிதம் நீண்டுவிட்டது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் அந்தத் திருமணத்துக்குக் கேமராவை எடுத்துக்கொண்டு போயிருப்பேன், அந்தப் பெண்ணைச் சிறுவயதிலிருந்து படமெடுத்தவன் என்ற உரிமையில். உங்களால் முடியாது என்றால் உங்களை வெறுப்பாளர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தேதி நெருங்கும்வரை இழுக்காமல் இந்த வாரமே நேரில் போய்ச் சொல்லுங்கள், மின்னஞ்சலில் ஒளிந்துகொள்ளாதீர்கள். வேறு நல்ல புகைப்படக்காரர் ஒருவரின் எண்ணை அவர்களாகக் கேட்டால் கொடுங்கள். அவர்கள் வழக்குத் தொடர்ந்தால் அதை உபத்திரவம் என்று சபையில் சாட்சி சொல்லாதீர்கள். உங்களிடம் வேலை பார்க்கும் இருவருக்கும் அந்த நாளுக்குரிய கூலியைக் கையிலிருந்து கொடுத்துவிடுங்கள்.