2,000 ரூபாய் இயர்போனுக்கு ஆம்ப் வேண்டுமா?

திருமங்கலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் மதுரைக்கு வேலைக்கு வந்துபோகும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "2,000 ரூபாயில் காதுக்குள் செருகும் இயர்போன் ஒன்று வாங்கினேன். பேஸே (அடித்தொனி) இல்லை, சத்தம் மெலிதாக இருக்கிறது. கடையில் கேட்டால் போனுக்கு அந்த அளவு பவர் இல்லை, 3,500 ரூபாய்க்கு சத்தத்தைக் கூட்டும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) போடுங்கள் என்கிறார்கள். வாங்கலாமா? இயர்போன் நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

ஆம்ப் வாங்காதீர்கள். நீங்கள் சொல்கிற குறை பெரும்பாலும் ரப்பர் முனை காதில் சரியாகப் பொருந்தாததால் வருவது. காற்று கசியாமல் காது அடைபட்டால்தான் இந்த வகை இயர்போனில் பேஸ் நிற்கும், சின்ன இடைவெளி இருந்தாலும் முதலில் போவது அதுதான். பாட்டு ஓடும்போதே இயர்போனை விரலால் லேசாக உள்ளே அழுத்திப் பாருங்கள், பேஸ் சட்டென்று கூடினால் கசிவு இருக்கிறது என்று அர்த்தம். கூட வந்த எல்லா அளவு முனைகளையும் மாட்டிப் பாருங்கள். வலது காதுக்கு ஒரு அளவு, இடது காதுக்கு வேறு அளவு தேவைப்படுவது சகஜம். எதுவுமே பொருந்தவில்லை என்றால் ஃபோம் முனை வாங்குங்கள், அந்தச் செலவு வீண்போகாது.

சரி, ஆம்ப் விஷயத்துக்குக் கணக்கே பதில் சொல்லிவிடும். பெட்டியில் 32 ஓம் (மின்தடை), ஒரு மில்லிவாட்டுக்கு 100 டெசிபெல் (சத்தத்தின் அளவு) என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். போன் 0.5 வோல்ட் தந்தால்கூட அது ஏறக்குறைய 8 மில்லிவாட், அதாவது 109 டெசிபெல். நீங்கள் சராசரியாக 80 டெசிபெல்லில் கேட்கிறீர்கள், பாட்டில் திடீரென உயரும் இடங்கள் அதற்கு மேல் 20 டெசிபெல் போகின்றன என்றாலும் அந்த உச்சத்துக்கு 1 மில்லிவாட் போதும். போனிடம் அது தாராளமாகவே இருக்கிறது. ஒரே ஒரு இடத்தில் கவனம் தேவை: சில கம்பெனிகள் மில்லிவாட்டுக்குப் பதில் ஒரு வோல்ட்டுக்கு எவ்வளவு டெசிபெல் என்று போடுவார்கள். 16 ஓம் இயர்போனில் அந்த எண் 18 கூடுதலாகத் தெரியும், ஆகவே ஒன்றில் 118, இன்னொன்றில் 100 என்று இருந்தாலும் இரண்டும் ஒரே சத்தம்தான் தரலாம்.

அப்புறம், பேஸைக் கூட்டுவது ஆம்பின் வேலையே இல்லை. அது மொத்தச் சத்தத்தையும் உயர்த்தும், அவ்வளவுதான். தொனியை மாற்ற வேண்டுமென்றால் போனிலேயே காசில்லாமல் ஈக்வலைசர் இருக்கிறது. முனை சரியாகப் பொருந்திய பிறகும், அமைதியான அறையில், வால்யூமை முழுக்க ஏற்றியும் சத்தம் போதவில்லை என்றால் மட்டும் ஆம்பைப் பற்றி யோசியுங்கள். போனில் ஜாக் இல்லையென்றால் உள்ளே டி.ஏ.சி. சிப் (டிஜிட்டல் பாட்டை இயர்போனுக்கான சிக்னலாக மாற்றுவது) உள்ள சின்ன டைப்-சி டாங்கிள் போதும். சிப் இல்லாத வெறும் இணைப்பான்கள் எல்லா போனிலும் வேலை செய்யாது, வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

தரத்தை எப்படிப் பார்ப்பது? டவுன்ஹால் ரோட்டுக் கடையில் நின்றபடி பேஸை எடைபோட வேண்டாம், தெருச் சத்தம் அதை மூடிவிடும். வீட்டில், நன்றாகப் பழகிய பதிவைப் போடுங்கள். நான் நாதஸ்வரம் தவிலைத்தான் பரிந்துரைப்பேன், மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்தது மாதிரி, முடிந்தால் தெளிவான பதிவாக. மனிதக் காது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை மிகக் கூர்மையாக இருக்கும். நாதஸ்வரத்தின் கூர்மை நன்றாகத் தெரிவதும் அங்கேதான். அந்த இடத்தில் துருத்திக்கொண்டிருக்கும் இயர்போனில் மேல்ஸ்தாயி வாசிப்பு காதைக் குத்தும், பத்து நிமிடத்தில் கழற்றத் தோன்றும். தவிலில் விரல்கூடு போட்டு வாசிக்கும் வலந்தலையின் (வலது முகம்) ஒவ்வொரு சொல்லும், அதாவது தட்டும், தனித்தனியாக விழ வேண்டும், குச்சியால் அடிக்கும் தொப்பியின் (இடது முகம்) அடி திரண்டு வந்து உடனே நிற்க வேண்டும். பேஸை அள்ளிக் கொட்டும் மலிவு இயர்போன்களில் தொப்பி வலந்தலையையும் சேர்த்து விழுங்கிவிடும். பிறகு பாடகர் குரலில் ச, ஸ வரும் இடங்களைக் கேளுங்கள். சீறினால் எனக்கு அது தேறாது. இரண்டு இயர்போன்களை ஒப்பிடும்போது சத்தம் சமமாக இருக்கட்டும், கொஞ்சம் கூடுதலாக ஒலிப்பதே நல்லது என்று காது நம்பிவிடும்.

பஸ்ஸில் கேட்பவர் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். இன்ஜின் இரைச்சலை மீறி வால்யூமை ஏற்றுவது ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு 80 டெசிபெல், வாரத்துக்கு 40 மணி நேரம். 3 டெசிபெல் ஏறும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகும், 90 டெசிபெல்லில் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். காதை நன்றாக அடைக்கும் முனை வெளிச்சத்தத்தையும் தடுக்கும், அதனால் குறைந்த வால்யூமிலேயே பாட்டு தெளிவாகக் கேட்கும். ரோட்டைக் கடக்கும்போது மட்டும் இரண்டையும் கழற்றிவிடுங்கள்.