சமீப வருடங்களில் வந்த ஆராய்ச்சிகளில் உங்களை மிகவும் யோசிக்க வைத்தது எது, ஏன்?

என்னைக் கேட்டால் தயங்காமல் ஒன்றைத்தான் சொல்வேன். 2025 ஏப்ரலில் நேச்சர் இதழில் வந்த, வேல்ஸ் நாட்டு முதியவர்களைப் பற்றிய ஆய்வு. அக்கி வராமல் இருக்கப் போட்ட தடுப்பூசி மறதி நோயையும் ஓரளவு குறைத்திருக்கிறது என்பதுதான் அதன் செய்தி. செய்தி பெரியதுதான், ஆனால் அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதைத்தான் நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் அப்பத்தாவுக்கு 2009-இல் அக்கி வந்தது. இடது விலாவில் தொடங்கி முதுகு வரை பட்டை போட்ட மாதிரி சிவந்து, முத்து முத்தாகக் கொப்புளம். மானாமதுரைப் பக்கம் எங்கள் ஊர், அக்கி எழுத ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. வேளார் வீட்டில் கொண்டுபோய் உட்கார வைத்தோம், அவர் காவியைக் குழைத்துக் கோழி இறகால் கொப்புளத்தின் மேல் எழுதிவிட்டார். மூன்று நாள் போய் வந்தோம். இரண்டு மூன்று வாரத்தில் கொப்புளம் காய்ந்தது (எழுதினாலும் எழுதாவிட்டாலும் பெரும்பாலும் அந்தக் காலத்துக்குள் காய்ந்துவிடும் என்று பிறகுதான் படித்தேன்), எரிச்சல் மட்டும் போகவே இல்லை. மாதக்கணக்கில் அந்த இடத்தில் சேலை பட்டாலே அப்பத்தா துடித்துப்போகும், ராத்திரி முழுக்கப் பனை விசிறியை வைத்து விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மூன்று வருடம் கழித்து மறதி ஆரம்பித்தது. முதலில் அடுப்பில் பால் வைத்ததை மறந்தது, அப்புறம் என்னை அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது, கடைசி இரண்டு வருடம் சொந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டே "என்னைய எங்க வீட்ல கொண்டுபோய் விடுப்பா" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

அதனால் செய்தியைப் பார்த்தவுடன் "அன்றைக்கு வந்த அக்கிதான் காரணம்" என்று மனசு முடிச்சுப் போட்டுவிட்டது. அந்த முடிச்சு தப்பு என்பதை அதே ஆய்வுதான் எனக்குப் புரிய வைத்தது.

முதலில் அக்கியைப் பற்றிக் கொஞ்சம். சின்னம்மை வரவழைக்கிற அதே வாரிசெல்லா சோஸ்டர் வைரஸ்தான் அக்கியையும் வரவழைக்கிறது. சிறு வயதில் அம்மை இறங்கினாலும் வைரஸ் உடம்பைவிட்டுப் போவதில்லை, தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பதுங்கிக்கொள்கிறது. வயதாகி எதிர்ப்புச் சக்தி தளரும்போது ஒரு நரம்பின் வழியாக மட்டும் வெளியே வருகிறது. அதனால்தான் அக்கி உடம்பின் ஒரே பக்கத்தில், பட்டையாக வருகிறது.

சரி, அக்கி ஊசி போட்டவர்களுக்கு மறதி நோய் குறைவு என்று இதற்கு முன்பே பல ஆய்வுகள் வந்திருக்கின்றன. ஆனால் அவற்றை நம்ப முடியவில்லை. ஊசி போட்டுக்கொள்கிறவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். உடம்பின் மேல் அக்கறை உள்ளவர், நடைப்பயிற்சி போகிறவர், படித்தவர், கையில் கொஞ்சம் காசு இருப்பவர், எல்லாவற்றுக்கும் மேல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளை ஞாபகம் வைத்திருப்பவர். மறதி லேசாகத் தொடங்கிவிட்டவர் ஊசிக்குப் போகவே மாட்டார். ஆக, போட்டவரையும் போடாதவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் நாம் பார்க்கிற வித்தியாசம் ஊசியால் வந்ததா, ஆளால் வந்ததா என்று பிரிக்க வழியே இல்லை.

இது வெறும் தத்துவச் சந்தேகம் இல்லை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் மாத்திரை கொடுத்தால் மாரடைப்பு குறையும் என்று வருடக்கணக்கில் நம்பினார்கள், இதே மாதிரி ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளை வைத்துத்தான். அப்புறம் அமெரிக்காவில் 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு நிஜ மாத்திரையும் பாதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2002-இல் அந்தச் சோதனையைப் பாதியிலேயே நிறுத்த வேண்டி வந்தது. இதய நோய் குறையவில்லை, கூடியிருந்தது, மார்பகப் புற்றுநோயும் கூடியிருந்தது. எத்தனை டாக்டர்கள் நல்ல எண்ணத்தோடு அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தால் இன்னும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

இப்போது வேல்ஸுக்கு வருவோம். 2013 செப்டம்பர் 1-ஆம் தேதி அங்கே முதியவர்களுக்கு அக்கி ஊசி போடும் அரசுத் திட்டம் தொடங்கியது. 80 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த ஊசி அவ்வளவாக வேலை செய்யாது என்று கருதி ஒரு கோடு போட்டார்கள். 1933 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்திருந்தால் ஊசி உண்டு, அதற்கு முன் பிறந்திருந்தால் ஆயுசுக்கும் கிடையாது. நாள்காட்டியில் பார்த்தேன், 1933 செப்டம்பர் 1 வெள்ளிக்கிழமை, 2 சனிக்கிழமை. ஒரே தெருவில், ஒரே பள்ளியில் படித்து, ஒரே நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்த இரண்டு பேரில் வெள்ளிக்கிழமை பிறந்தவருக்கு ஊசி இல்லை, சனிக்கிழமை பிறந்தவருக்கு உண்டு. அந்த ஒரு நாளில் அவர்களுடைய அக்கறை, படிப்பு, காசு எதுவும் மாறிவிடாது.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பாஸ்கல் கெல்ட்ஸெட்ஸர் குழு இதைத்தான் பிடித்துக்கொண்டது. 2,82,541 பேருடைய மருத்துவப் பதிவுகள். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வாரம் முன்பு பிறந்தவர்களில் ஊசி போட்டவர்கள் 0.01 சதவீதம், இந்தப் பக்கம் ஒரு வாரம் பின்பு பிறந்தவர்களில் 47.2 சதவீதம். இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. போட்டவர், போடாதவர் என்று அவர்கள் நேரடியாக ஒப்பிடவே இல்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் பிறந்த எல்லோரையும், போட்டாலும் போடாவிட்டாலும், அந்தப் பக்கம் பிறந்த எல்லோரோடும் ஒப்பிட்டார்கள், பிறகு பாதிப் பேர்தான் போட்டார்கள் என்பதைக் கணக்கில் சேர்த்தார்கள். அப்படிச் செய்தால்தான் அந்த "அக்கறை உள்ள ஆள்" பிரச்சினை ஒழியும். ஏழு வருடத்தில், ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு மறதி நோய் கண்டறியப்படுவது 3.5 சதவீதப் புள்ளி குறைந்திருந்தது, அதாவது ஐந்தில் ஒரு பங்கு. நூறு பேருக்குச் சொன்னால் பதினேழு பதினெட்டுப் பேருக்கு வர வேண்டியது பதினான்கு பேருக்கு வந்தது.

உடனே வருகிற சந்தேகங்களையும் அவர்கள் விடவில்லை. அதே பிறந்த தேதியை வைத்து அரசு வேறு ஏதாவது சலுகை கொடுத்ததா? இல்லை. கோட்டுக்கு இரண்டு பக்கமும் படிப்பு வித்தியாசமா? இல்லை. மற்ற முக்கிய நோய்கள் குறைந்தனவா? இல்லை, அக்கியும் மறதி நோயும்தான் குறைந்தன.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, இந்த வழி மருத்துவத்தில் பிறந்ததே இல்லை என்பதுதான். 1960-இல் அமெரிக்காவில் திஸில்த்வெயிட், கேம்ப்பெல் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்வி உதவித்தொகைத் தேர்வில் ஒன்றிரண்டு மதிப்பெண்ணில் பரிசு வாங்கியவர்களையும் ஒன்றிரண்டு மதிப்பெண்ணில் தவறவிட்டவர்களையும் ஒப்பிடுவதற்குக் கண்டுபிடித்தது. நம் ஊரில் கட்-ஆஃப் என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அரை மார்க்கில் மெடிக்கல் சீட் போன பிள்ளைக்கும் அரை மார்க்கில் வாங்கிய பிள்ளைக்கும் மூளையில் என்ன வித்தியாசம் இருந்துவிடப் போகிறது, ஆனால் அதற்குப் பிறகு வாழ்க்கை வேறு வேறு ஆகிவிடுகிறது, அப்படியானால் அந்த வித்தியாசம் சீட்டால் வந்ததுதான். இவ்வளவுதான் அடிப்படை யோசனை. பொருளாதாரக்காரர்கள் இதை எடுத்து வளர்த்தார்கள், இப்படித் தானாக அமைகிற சோதனைகளிலிருந்து காரண காரியத்தைப் பிரித்தெடுக்கும் வழிகளுக்காக ஆங்கிரிஸ்ட், இம்பென்ஸ் இருவரும் 2021 பொருளாதார நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். பரீட்சை மார்க்குக்குக் கண்டுபிடித்த கணக்கு அறுபது வருடம் கழித்து மூளை நோய்க்கு உதவுகிறது. சமூக அறிவியலுக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன்.

ஆஸ்திரேலியாவிலும் இதே மாதிரி ஒரு வயதுக் கோடு இருந்தது, அங்கே பார்த்தபோதும் அதே திசையில்தான் முடிவு வந்தது. ஒரு நாட்டில் தற்செயலாக அமைந்திருக்கலாம் என்ற சந்தேகம் இதனால் எனக்கு நிறையவே குறைந்தது.

ஆனால் மிகைப்படுத்தவும் கூடாது. 3.5 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 0.6 முதல் 7.1 வரை என்று ஓர் எல்லை போட்டிருக்கிறார்கள், அதாவது பலன் ரொம்பச் சின்னதாகவும் இருக்கலாம். பெண்களிடம் பலன் தெளிவாகத் தெரிந்தது, ஆண்களிடம் அவ்வளவாக இல்லை, ஏன் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. ஊசி எப்படி வேலை செய்கிறது என்பதும் அப்படித்தான். வைரஸ் தூண்டப்படுவதைத் தடுப்பதால் இருக்கலாம், இல்லை, ஊசியே எதிர்ப்புச் சக்தியைப் பொதுவாகத் தட்டி எழுப்புவதால் இருக்கலாம். மான்செஸ்டரில் ரூத் இட்ஸாக்கி என்ற பெண் விஞ்ஞானி உதட்டில் கொப்புளம் வரவழைக்கிற ஹெர்பிஸ் வைரஸின் தடயம் முதியவர்களின் மூளையில் இருக்கிறது என்று 1991-லேயே எழுதினார், பல வருடம் பெரும்பாலானவர்கள் அதைப் பொருட்படுத்தவே இல்லை. 2022-இல் ஆய்வகத்தில் வளர்த்த மூளைச் செல்களில் அக்கி வைரஸ் போய்த் தூங்கிக்கொண்டிருந்த ஹெர்பிஸை எழுப்புவதைக் காட்டினார்கள். சரி, அப்படியென்றால் வைரஸை அடக்கும் மாத்திரை கொடுத்தால் போதுமே என்று மறதி நோயில் ஒரு வகையான அல்ஸைமரின் தொடக்க நிலையில் இருந்த 120 பேரிடம் சோதித்தார்கள், 2025 ஜூலையில் முடிவு சொன்னார்கள், பலன் இல்லை. நோய் வந்த பிறகு கொடுப்பது வேறு, வருவதற்கு முன் தடுப்பது வேறு என்று ஒரு விளக்கம் இருக்கிறது. எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது, ஆனாலும் அந்தத் தோல்வியை மறைத்துவிட்டுப் பேச எனக்கு மனசு வராது. இன்னொன்று, வேல்ஸில் போட்டது உயிருள்ள வைரஸைப் பலவீனமாக்கிச் செய்த பழைய ஊசி. இப்போது இந்தியாவில் 50 வயதைத் தாண்டியவர்களுக்குத் தனியாரிடம் கிடைக்கிற இரண்டு தவணை ஊசி வேறு வகை. அதற்கும் மறதி நோய்க்கும் தொடர்பு காட்டும் ஆய்வு ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து 2024-இல் வந்திருக்கிறது, நம்பிக்கை தருகிறது, ஆனால் அதில் இப்படி ஒரு பிறந்தநாள் கோடு இல்லை.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், சுமார் 88 லட்சம் பேர் மறதி நோயோடு இருக்கிறார்கள் என்று 2023-இல் வந்த மதிப்பீடு சொல்கிறது. அப்படியானால் நம் ஊரிலும் இதே மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்க்கலாமே என்று யோசித்தேன். அங்கேதான் அப்பத்தா ஞாபகம் மறுபடி வந்தது. அதற்குப் பிறந்த தேதியே கிடையாது. வாக்காளர் அட்டையில் ஒரு வயது, ரேஷன் கார்டில் இன்னொரு வயது, இரண்டுக்கும் நடுவில் ஆறு வருட வித்தியாசம். கேட்டால் "கண்மாய் ஒடைஞ்ச வருசம் எனக்கு நடக்கத் தெரியும்" என்று சொல்லும். அம்மாவுக்குப் பள்ளிச் சான்றிதழில் ஜூன் 1 என்று இருக்கிறது, சேர்க்கும்போது வாத்தியார் போட்டது. வேல்ஸில் 1933-இல் ஒரு சுரங்கத் தொழிலாளி வீட்டுக் குழந்தை பிறந்த நாளை யாரோ ஒரு குமாஸ்தா சரியாக எழுதிவைத்ததும், எண்பது வருடம் கழித்து அந்த மனிதர் எந்த டாக்டரிடம் எதற்குப் போனார் என்பது கணினியில் ஒழுங்காக ஏறியதும் சேர்ந்துதான் இந்தக் கண்டுபிடிப்பு. நம் பதிவேடுகள் சரியாக இருக்க வேண்டும் என்று நான் இவ்வளவு ஆதங்கப்படுவது இதனால்தான்.

அப்பத்தா விஷயத்துக்கு வருகிறேன். ஆயிரக்கணக்கானவர்களை இரண்டு பக்கம் நிறுத்தினால்தான் நூற்றுக்கு மூன்று நான்கு பேர் வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது. ஒரே ஒரு கிழவியை வைத்துக்கொண்டு, அக்கி வராமல் இருந்திருந்தால் மறதி வந்திருக்காது என்று சொல்ல யாராலும் முடியாது. "அன்னிக்கே டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கணும்" என்று அப்பா சாகும்வரை சொல்லிச் சொல்லி வருந்தினார். இதை நான் சரியாகப் புரிந்துகொண்டபோது, அவரிடம் சொல்ல அவர் இல்லை.

போன மாதம் அம்மாவுக்கு முதல் ஊசி போட்டாயிற்று. டாக்டரிடம் கேட்டு, சர்க்கரை அளவெல்லாம் பார்த்துவிட்டுத்தான். இரண்டு நாள் கை வலியும் லேசான காய்ச்சலும் இருந்தது. "இது மறதி வராம இருக்கவா?" என்று அம்மா கேட்டார். "இல்லம்மா, அக்கி வராம இருக்க" என்றேன். அப்பத்தாவுக்கு ராத்திரியெல்லாம் விசிறிவிட்டது அம்மாதான், அதனால் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அடுத்த ஊசிக்கான தேதியைக் காலண்டரில் தானே பேனாவால் சுழித்து வைத்திருக்கிறார்.