நார்வேயில் ஓல்சன், மினசோட்டாவில் ஹௌகன்: ஒரே ஆள்தானா?

கணவரின் முன்னோர் 1860களில் நார்வேயிலிருந்து அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் குடியேறியவர், பெயர் ஏன் மாறியது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே அவர் பெயராக இருக்கலாம். ஓல்சன் என்றால் ஓலேயின் மகன். நம் தலைப்பெழுத்து போலத் தலைமுறைதோறும் மாறும். ஹௌகன் அவர் வாழ்ந்த பண்ணையின் பெயர். 'மேடு' என்று பொருள். பண்ணை மாறினால் பெயரும் மாறும், அதனால் உடன்பிறந்தவர்களே வேறு வேறு பெயரில் இருப்பார்கள்! நார்வேயில் நிலையான குடும்பப் பெயர் சட்டப்படி கட்டாயமானது 1923இல்தான்.

முதலில் அமெரிக்கப் பக்கம் தேடுங்கள். குடியேறிப் பயிரிடுவோருக்கு அரசு நிலம் தந்த 1862ஆம் ஆண்டு ஹோம்ஸ்டெட் சட்டத்தில் அவர் நிலம் பெற்றிருந்தால் (160 ஏக்கர் வரை) தேசிய ஆவணக் காப்பகத்தில் கோப்பு இருக்கும். குடியுரிமைத் தாள்களும் அதிலேயே கிடைக்கலாம். நார்வேயின் தேவாலயப் பதிவேடுகள் இணையத்தில் இலவசம். ஆனால் ஹௌகன் என்ற பண்ணைகள் ஏராளம். நார்வேயில் அவர் ஊர் எது என்று தெரிந்த பிறகே அந்தப் பதிவேடுகளுக்குப் போங்கள்.