எல் மிராதோர்: காட்டுக்குள் நடந்துபோய்ப் பார்க்கும் மாயா நகரம் – கேள்வி பதில்

மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் வட கோடியில், பெத்தேன் மாநிலத்தில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய காட்டுக்குள் இருக்கிறது பழங்கால மாயா நாகரிகத்தின் நகரமான எல் மிராதோர். அந்தப் பயணம் பற்றி வந்த கேள்விகளுக்குக் கீழே பதில் சொல்லியிருக்கிறேன்.

டிக்கல் பார்த்தாச்சு சார். அதுக்கு மேல அஞ்சு நாள் ஒதுக்கி இங்கே போக என்ன இருக்கு?

காலம்தான் முதல் வித்தியாசம். பெத்தேனிலேயே உள்ள இன்னொரு மாயா நகரமான டிக்கலில் நாம் அண்ணாந்து பார்க்கும் பெரிய கோயில்கள் பெரும்பாலும் கி.பி. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. எல் மிராதோர் செழித்தது சுமார் கி.மு. 300 முதல் கி.பி. 150 வரை. டிக்கலின் அந்தக் கோயில்கள் எழும்பும் முன்பே இந்த நகரம் பல நூற்றாண்டுகளாகக் காடாகக் கிடந்தது. மாயா நாகரிகம் சிறு கிராமங்களாகத் தொடங்கி மெல்ல வளர்ந்தது என்ற பழைய எண்ணத்தை மாற்றியதில் இந்த இடத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். வெட்டவெளி முற்றமும் புல்தரையும் சுத்தமான படிக்கட்டும் இங்கே கிடையாது. பெரும்பாலான கட்டடங்கள் மண்ணும் மரமும் மூடிய குன்றுகளாகத்தான் நிற்கின்றன. தோண்டி வெளிக்கொணர்ந்த பகுதிகள் சில: ‘ஜாகுவார் நகம்’ எனப்படும் சிறு கோயிலின் சுதை முகங்கள், நடு அக்ரோபோலிஸ் எனப்படும் கட்டடத் தொகுதியின் சுதைப் பலகை, இங்குள்ள மிகப் பெரிய பிரமிடான லா தந்தாவின் மேல்தளங்கள். இது போதாது என்று தோன்றினால் டிக்கலோடு நின்றுகொள்வதே நல்லது.

உலகத்திலேயே பெரிய பிரமிடு லா தந்தாதான் என்கிறார்களே, உண்மையா?

உயரம் தரையிலிருந்து சுமார் 72 மீட்டர். கன அளவு சுமார் 28 லட்சம் கன மீட்டர் என்று அகழ்வாய்வுக் குழு கணக்கிட்டிருக்கிறது. கீசாவின் பெரிய பிரமிடு சுமார் 26 லட்சம். இந்த ஒப்பீட்டைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் லா தந்தா கீசாவைப் போல ஒரே பிரமிடு அல்ல. ஏறத்தாழ 600 மீட்டர் நீளமும் 300 மீட்டர் அகலமும் கொண்ட மேடை, அதன்மேல் இன்னொரு மேடை, அதற்கும் மேலே மூன்று கோபுரங்களாக ஒரு தொகுதி. போதாக்குறைக்கு இயற்கையான மேட்டையும் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். எதைச் சேர்த்து, எதை விட்டுக் கணக்கிடுகிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும். கன அளவு மட்டும்தான் அளவுகோல் என்றால் மெக்சிகோவின் சோலூலா பிரமிடு இதைவிடப் பெரியது. ‘மாயாக்களின் மிகப் பெரிய கட்டுமானங்களில் ஒன்று’ என்று சொன்னால் எந்தச் சண்டையும் இல்லை.

எப்படிப் போவது? நாள் கணக்கு சொல்லுங்கள்.

குவாத்தமாலா சிட்டியிலிருந்து ஃப்ளோரெஸ் வரை விமானத்தில் ஒரு மணி நேரம். இரவுப் பேருந்தில் எட்டு முதல் பத்து மணி நேரம். பணம் எடுக்கும் வேலையை ஃப்ளோரெசிலோ பக்கத்துச் சாந்தா எலேனாவிலோ முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு கையில் இருக்கும் கெட்சால் (குவாத்தமாலா நாணயம்) நோட்டுதான் செல்லும்.

ஃப்ளோரெசிலிருந்து கார்மெலிதா கிராமம் சுமார் 80 கி.மீ. பெரும்பாலும் மண் சாலை என்பதால் மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். சாலை அங்கே முடிகிறது. முதல் நாள் ஐந்தாறு மணி நேரம் நடந்தால் எல் தின்தால். அதுவும் ஒரு மாயா நகரம்தான், அங்கேயே முகாம். மாலையில் அங்குள்ள பெரிய பிரமிடின் மேல் ஏறினால், வானம் தெளிவாக இருக்கும்போது வடக்கே லா தந்தா ஒரு சிறு மேடாகத் தெரியும். இரண்டாம் நாள் ஆறு முதல் எட்டு மணி நேரம் நடந்தால் எல் மிராதோர். மூன்றாம் நாள் முழுதும் அங்கே. அடுத்த இரண்டு நாள் வந்த வழியே திரும்புவது. ஆறு நாள் திட்டம் எடுத்தால் நக்பே வழியாகச் சுற்றி வரலாம். நக்பே இன்னும் பழைய நகரம். எல் மிராதோரிலிருந்து 12, 13 கி.மீ. இரண்டையும் இணைத்த பழைய மாயா சாலையின் மேடு காட்டுக்குள் இன்றும் தெரிகிறது. ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால் இந்த வழியையே எடுங்கள்.

வழிகாட்டி இல்லாமல் ஜிபிஎஸ் வைத்துக்கொண்டு போகலாமா அண்ணா?

கூடாது. வழிகாட்டியோடுதான் போக வேண்டும் என்பது விதி, காரணமும் இருக்கிறது. மரம் வெட்டும் தடமும் சிக்லே (சூயிங்கம் செய்ய உதவும் மரப்பால்) எடுப்பவர் தடமும் கோவேறு கழுதைத் தடமும் பின்னிக் கிடக்கும். பாதையை ஜிபிஎஸ் காட்டலாம், வழியில் எந்தக் குட்டையில் இந்த மாதம் தண்ணீர் இருக்கிறது என்பதைக் காட்டாது.

கார்மெலிதா கூட்டுறவின் வழியாகப் பதிவு செய்வதே என் பரிந்துரை. 1990இல் மாயா உயிர்க்கோளக் காப்பகம் அமைந்தது. 1997இல் இந்தக் கிராமத்துக்குச் சுற்றியுள்ள காட்டைப் பராமரித்துப் பயன்படுத்தும் உரிமை கிடைத்தது. சிக்லே பால், பூங்கொத்துக்கு ஏற்றுமதியாகும் ஷாதே பனை இலை, அளவோடு வெட்டும் மரம், இப்போது சுற்றுலா: இவைதான் அவர்கள் வருமானம். மேற்கே காப்பகத்தின் சில பூங்காக்கள் மாட்டுப் பண்ணைக்காக எரிந்து அழிந்தபோது, கார்மெலிதா மக்களின் காடு நின்றது. நீங்கள் கொடுக்கும் பணம் அந்தக் காட்டைக் காப்பவர் கையிலேயே போய்ச் சேருவது முக்கியம் என்று நினைக்கிறேன்.

சிக்லே எடுக்கும் மரம் வேறெதுவும் அல்ல, நம் ஊர்ச் சப்போட்டாதான். அதன் தாயகம் இந்தப் பகுதி. பால் வடிக்கக் கத்தியால் கீறிய குறுக்கு நெடுக்குத் தழும்புகளைப் பாதை நெடுகப் பார்க்கலாம்.

எந்த மாதம்?

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. ஜனவரியிலும் போன மழையின் சேறு காயாமல் கிடக்கலாம். ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் வெயில் கொடுமை. மழைக்காலத்தில் ‘பாஹோ’ எனப்படும் சதுப்புத் தாழ்நிலங்கள் நிரம்பி, முழங்கால் அளவு சேற்றில் நடக்க வேண்டியிருக்கும்; எட்டு மணி நேரப் பாதை பன்னிரண்டாகும்.

ஷூவா, ரப்பர் பூட்ஸா?

காய்ந்த மாதங்களில் ஏற்கெனவே பழக்கிய, கணுக்கால் மூடும் மலையேற்றக் காலணி. புதிதாக வாங்கி நேராகப் போட்டுவராதீர்கள். சேறு இருக்கும் மாதங்களில் வழிகாட்டிகள் அணிவது போல முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ்தான் சரி. தோல் காலணியைச் சேறு உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், அடிப்பாகம் பிய்ந்துவரும். ரப்பர் பூட்ஸின் தொல்லை வேறு: உள்ளே வியர்வை தேங்கிக் குதிகால் கொப்புளிக்கும். மெல்லிய காலுறை ஒன்று, அதன்மேல் தடித்த கம்பளிக் காலுறை ஒன்று. நடுவழியில் ஒருமுறை கழற்றிக் காலைத் துடைத்து உலர்த்துங்கள். தோல் சூடாக உறுத்தும்போதே டேப் ஒட்டிவிட வேண்டும். கொப்புளம் எழும்பிய பிறகு ஒட்டிப் பெரிய பயன் இல்லை. முகாமில் அணியக் காய்ந்த காலுறை ஒரு ஜோடியை நெகிழிப் பையில் தனியே கட்டி வையுங்கள்.

பாம்பு, பூச்சி, நோய் பயம் அதிகமா இருக்கு.

பாம்பைவிட உண்ணிதான் அன்றாடத் தொல்லை, அதுவும் வறண்ட மாதங்களில். முழுக்கால் சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள். துணியில் 0.5 சதவீத பெர்மெத்ரின் பூச்சிமருந்து தெளித்து, முழுதும் காயவைத்து எடுத்து வாருங்கள். அது தோலில் பூசுவதற்கு அல்ல. தோலுக்கு 20–30 சதவீத டீட் உள்ள பூச்சிவிரட்டி. சன்ஸ்கிரீன் முதலில், டீட் பிறகு. தினமும் மாலையில் இடுப்பு, அக்குள், முழங்கால் மடிப்பு எல்லாம் பார்த்து, கடித்திருக்கும் உண்ணியைக் கூர்முனைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். தீக்குச்சியோ எண்ணெயோ வேண்டாம்.

மணல் ஈ கடித்து வரும் லெய்ஷ்மேனியாசிஸ் இங்கே உண்டு. ஊர் திரும்பி வாரங்கள், சில சமயம் மாதங்கள் கழித்து வலியில்லாத, ஆறாத புண் வந்தால் தோல் மருத்துவரிடம் பெத்தேன் காட்டுக்குப் போனதைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வேறு மருந்து கொடுத்து நாள் வீணாகும்.

பாம்புகளில் கவனிக்க வேண்டியது பார்பா அமரில்யா எனும் குழிவிரியன். கடித்தால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் செய்யக் கூடாது. உறுப்பை அசையாமல் வைத்து வெளியே கொண்டுபோக வேண்டும். மருத்துவமனை வெகு தூரம் என்பதால் தவிர்ப்பதுதான் வழி. விழுந்த மரத்தைத் தாண்டும்போது மறுபக்கம் பார்த்துக் கால் வையுங்கள், இருட்டில் டார்ச் இல்லாமல் நகராதீர்கள், காலையில் காலணியைத் தட்டிப் போடுங்கள். செச்செம் மரத்தையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அதன் கறுத்த பால் பட்டால் தோல் வெந்துபோகும். தடுமாறும்போது கைக்குக் கிடைத்த மரத்தைப் பிடிப்பதுதான் பலரை மாட்டிவிடுகிறது.

சைவ சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் பதிவு செய்யும்போதே சொல்ல வேண்டும். கறுப்புப் பயறு, சோறு, சோளத் தோர்த்தியா (ரொட்டி), முட்டை, வாழைப்பழம். கவனிக்க வேண்டியவை இரண்டு: பயறைப் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள், சோற்றில் கோழிச் சாறுக் கட்டி போடுவார்கள். ‘சின் கார்னெ, சின் போல்யோ, சின் மன்தேகா’ (இறைச்சி, கோழி, கொழுப்பு வேண்டாம்) என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். கையோடு பருப்புப் பொடியும் அவலும் இருந்தால் நிம்மதி.

தண்ணீரைக் கழுதைகள் சுமந்து வரும். நடக்கும்போது முதுகில் மூன்று லிட்டர் இருக்கட்டும். ஈரக்காற்றில் வியர்வை உலராது, உடல் குளிராது, உப்பு மட்டும் போகும். ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். அரை லிட்டரில் கரைத்தால் குமட்டும்.

அம்மாவுக்கு 60 வயது, முழங்கால் வலி. கூட்டிட்டுப் போகலாமா?

சவாரிக் கழுதை கூடுதல் கட்டணத்தில் கிடைக்கும், முன்கூட்டியே கேளுங்கள். ஆனால் அதுவும் ஓய்வு அல்ல. பல மணி நேரம் தொடை இறுகும், தாழ்ந்த கிளைகளுக்குக் குனிய வேண்டும், ஆழமான சேற்றில் இறங்கி நடக்க வேண்டிவரும். லா தந்தாவின் மரப்படிகள் செங்குத்து; இறங்குவது முழங்காலுக்குக் கடினம். ஃப்ளோரெசிலிருந்து ஹெலிகாப்டரில் ஒரே நாளில் போய்வரும் ஏற்பாடு உண்டு. செலவு அதிகம் என்றாலும் அம்மாவுக்கு அதுதான் பொருந்தும். வழியில் அலைபேசிக்குச் சிக்னல் இல்லை. யார் போனாலும் ஹெலிகாப்டர் மீட்பை உள்ளடக்கிய காப்பீடு இருக்க வேண்டும்.

ஆறே இல்லாத இடத்தில் இவ்வளவு பெரிய நகரம் எப்படி? ஏன் விட்டுப் போனார்கள்?

நடந்து போகிறவர்களுக்குப் பாதி விடை காலில் ஒட்டும். பாஹோவின் கறுத்த சேறு வளமானது. அதை அள்ளிக் கொண்டுபோய்ப் படிவயல்களில் கொட்டிப் பயிர் செய்தார்கள். மழைநீரைச் சுதை பூசிய தளங்களிலிருந்து வாய்க்கால் வழியே குளங்களுக்கு இறக்கினார்கள். 2009இல் கண்டெடுத்த புகழ்பெற்ற சுதைப் பலகையே அப்படியொரு நீர்வழியின் ஓரத்தில்தான் இருக்கிறது. அதில் நீந்துபவர்கள் மாயாக்களின் புராண நூலான பொபோல் வூ சொல்லும் கதையின் இரட்டைச் சகோதரர்கள் என்று இங்கே அகழ்வாய்வு நடத்திய ரிச்சர்ட் ஹேன்சன் குழு சொல்கிறது, மறுப்பவர்களும் உண்டு.

வீழ்ச்சிக்கு ஹேன்சன் முன்வைக்கும் காரணம் அதே சுதை. சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் சுட ஏராளமான பச்சை மரம் வேண்டும். தளங்களும் முகப்புகளும் தடிக்கத் தடிக்கச் சுற்றுக்காடு போனது. மேட்டு மண் கரைந்து வந்து பாஹோக்களைக் களிமண்ணால் மூடியது. சேறும் போச்சு, விளைச்சலும் போச்சு. வறட்சி, போர் என்று வேறு காரணங்களையும் ஆய்வாளர்கள் சேர்க்கிறார்கள். 2022இல் வெளியான லைடார் (விமானத்திலிருந்து லேசர் ஒளியால் நிலத்தை அளக்கும் முறை) ஆய்வு இந்தப் படுகையில் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைந்த குடியிருப்புகளையும் 177 கி.மீ. சாலைகளையும் காட்டியது. அவ்வளவு பேருக்கும் விறகும் சுண்ணாம்பும் தேவைப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் வாதத்தின் கனம் புரியும்.

சூரிய அஸ்தமனம் எங்கிருந்து? பானை ஓடு எடுக்கலாமா?

லா தந்தா உச்சியிலிருந்து. மேற்கே, சுமார் 2 கி.மீ. தள்ளி, 55 மீட்டர் உயர எல் தீக்ரே பிரமிடு மரங்களுக்கு மேலே நிற்கும். இருட்டில் இறங்கி முகாமுக்கு நடக்க வேண்டும், அதனால் தலையில் மாட்டும் விளக்கும் மாற்று பேட்டரியும் கட்டாயம். கேமராவுக்குப் பவர் பேங்கை நம்புங்கள், முகாமில் மின்சாரத்தை எதிர்பார்க்காதீர்கள்.

பானை ஓடுகளைத் தொட்டு எடுக்கவே வேண்டாம், சட்டப்படி குற்றம். குன்றுகளின் வயிற்றில் வெட்டிய பள்ளங்களையும் பார்ப்பீர்கள். புதையல் திருடர்கள் தோண்டியவை அவை. எப்போது வேண்டுமானாலும் சரியும், உள்ளே நுழையாதீர்கள்.