முளையமும் ஆன்மாவும்: ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியரின் பதில்கள்

கேள்வி (தாண்டவன்வெளி): கருக்கட்டும் கணத்திலேயே ஆன்மா வந்துவிடுகிறது என்று மறைக்கல்வியில் கற்றோம். உயிரியல் இதை மறுக்கிறதா, ஐயா?

பதில்: ஆன்மா நுணுக்குக்காட்டியில் தெரியும் பொருளன்று, ஆகவே அது இல்லை என்று சொல்லும் தகுதி உயிரியலுக்குக் கிடையாது. ஆனால் அந்த "ஒரு கணம்" என்பதில்தான் இடர்ப்பாடு இருக்கிறது. விந்து முட்டையினுள் நுழைந்தபின், தாய் தந்தை இருவரின் நிறமூர்த்தங்களும் (பரம்பரைப் பண்புகளைத் தாங்கும் இழைகள்) ஒன்றுசேர ஏறக்குறைய ஒரு நாள் செல்கிறது. அதைவிடக் கடினமானது ஒத்த இரட்டையர் பற்றிய கேள்வி. ஒரே நுகத்திலிருந்து, அதாவது கருக்கட்டிய முட்டையிலிருந்து, வளரும் முளையம் (தொடக்கநிலைக் கரு) ஏறத்தாழ 2 வாரங்கள் வரை இரண்டாகப் பிரியக்கூடும் என்பதால், ஆன்மா பகுபடாதது என்று கொள்வோர், முதல் நாளில் வந்த ஆன்மா பிரிவுக்குப் பின் எந்தக் குழந்தைக்கு உரியது என்று விளக்க வேண்டியவராகின்றனர். மறுதலையாக, தனித்தனியே உருவான இரு முளையங்கள் இணைந்து ஒரே மனிதராகப் பிறப்பதும் அரிதாக நிகழ்கிறது. வத்திக்கானின் 1987ஆம் ஆண்டு அறிவுறுத்தலும், முளையத்தைத் தொடக்கம் முதலே மனித ஆளாக மதிக்க வேண்டும் என்று கூறியதேயன்றி, ஆன்மா எப்போது வருகிறது என்ற மெய்யியல் வினாவுக்கு முடிவு கூறவில்லை. அந்த நிதானம் எனக்குப் பிடித்தது.

கேள்வி (காத்தான்குடி): கருவுற்று 120 நாட்களில் ரூஹ் (ஆன்மா) ஊதப்படுகிறது என்பதே முஸ்லிம்களாகிய எங்களில் பலருடைய கருத்து. இந்தச் சிக்கல் எங்களுக்கு இல்லைதானே, சேர்?

பதில்: இரட்டையர் சிக்கல் இல்லை, பிரிவு அதற்கு வெகு முன்னரே முடிந்துவிடுகிறது. எனினும், 120ஆம் நாளைத் தனித்துக் காட்டும் திடீர் மாற்றம் எதுவும் உடலில் நிகழ்வதில்லை. இதயம் 22ஆம் நாளளவிலேயே துடிக்கத் தொடங்குகிறது. 40 நாட்கள் என்று கொள்ளும் உலமாக்களும் (மார்க்க அறிஞர்களும்) இருக்கின்றனர்.

கேள்வி (களுவாஞ்சிகுடி): சைவ சித்தாந்தத்தின் நிலை என்ன?

பதில்: ஆன்மா அநாதி, வினைக்கேற்ப உடலெடுக்கிறது என்பதால், முளையம் பிரிந்தபின் இன்னோர் ஆன்மா வந்து சேர்ந்தது என்று சொல்ல அங்கே இடமுண்டு. திருமந்திரம் இரட்டைக் குழந்தைகளுக்கு அபான வாயுவை (உடலில் கீழ்நோக்கி இயங்குவதாகக் கொள்ளப்படும் காற்றை) காரணமாகக் கூறுகிறது. அந்த உடலியல் விளக்கத்தைத் திருத்திக்கொண்டாலும் சித்தாந்தம் குலையாது. என்னை உண்மையில் உறுத்துவது வேறொன்று. கருப்பையில் பதியாமல், தாய்க்கே தெரியாமல், அழிந்துபோகும் முளையங்கள் ஏராளம். ஐந்தாறு நாட்களே இருந்த ஒரு கலத்திரளில், உணர்வோ புலனோ இல்லாத நிலையில், ஓர் ஆன்மா எந்த வினையை நுகர்ந்து கழித்திருக்கும்? இதற்கு நிறைவான விடையை நான் இன்னும் கேட்டதில்லை.

கேள்வி (அக்கரைப்பற்று): நமது சட்டம் எதைக் கருதுகிறது?

பதில்: ஆன்மாவைப் பற்றிச் சட்டம் பேசவில்லை. எனினும் இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, கருச்சிதைவு செய்விப்பதற்கு 3 ஆண்டுகள் வரையும், கரு அசையத் தொடங்கியிருந்தால் 7 ஆண்டுகள் வரையும் சிறைத்தண்டனை விதிக்கிறது. அசைவே உயிரின் அடையாளம் என்ற பழைய எண்ணத்தின் எச்சம் அது. தாய் அசைவை உணர்வது பெரும்பாலும் 16 முதல் 20 வாரங்களில். ஸ்கேன் திரையிலோ அதற்குப் பல வாரங்கள் முன்பே அசைவு தெரிகிறது.