டர்பனில் வீட்டுக்கு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் வாங்கும்போது என்னென்ன வசதிகள் பார்க்க வேண்டும்? பழைய தமிழ் இசைத்தட்டுகளும் கேட்போம்.

வாட் கணக்கைக் கடைசியில் பாருங்கள். 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் வித்தியாசம் 3 டெசிபல்தான். சாட்ஸ்வர்த் வீட்டு முன்னறைக்கு 50 தாராளம்.

முதலில் சோதிக்க வேண்டியது வால்யூம் குமிழ். சிடி பிளேயர் 2 வோல்ட் வரை தரும். பல ஆம்ப்ளிஃபயர்கள் அதில் பாதிகூட இல்லாத சிக்னலிலேயே முழு சக்தியை எட்டிவிடும். அதனால் இரவில் மெதுவாகக் கேட்கும்போது குமிழ் அடிமட்டத்தை விட்டு நகராது. சாதாரணக் குமிழில் இடமும் வலமும் அதிகம் பிசகுவது அங்கேதான், பாடகர் ஒரு பக்கம் ஒதுங்கிவிடுவார். கடையிலேயே ஒரு மோனோ பாட்டை (இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வருவது) போட்டு, சத்தத்தை நன்றாகக் குறைத்துக் கேட்டுப் பாருங்கள். ரெசிஸ்டர் படிகளில் ஏறி இறங்கும் எலக்ட்ரானிக் வால்யூமில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இராது.

இசைத்தட்டுக்கு எம்எம் ஃபோனோ உள்ளீடு (மூவிங் மேக்னட் வகை ஊசிப்பெட்டியின் மெல்லிய சிக்னலுக்கானது) வேண்டும்: 47 கிலோ ஓம், பக்கத்தில் கிரவுண்ட் திருகு. டர்ன்டேபிளின் மெல்லிய கிரவுண்ட் வயரை அதில் மாட்டாவிட்டால் 50 ஹெர்ட்ஸ் உறுமல் நிச்சயம். அதோடு மோனோ பொத்தான் உள்ள மாடலையே தேடுங்கள். இப்போது அது அரிதாகிவிட்டது, எனக்குக் கேட்டால் ரிமோட்டைவிட அதற்குத்தான் மதிப்பு. பழைய தமிழ்ப் படத் தட்டுகள் பலவும் மோனோ. அவற்றில் பாட்டு பள்ளத்தின் பக்கவாட்டு அசைவில் மட்டுமே இருக்கிறது. தூசியும் தேய்மானமும் ஊசியை மேலும் கீழும் ஆட்டும்போது வரும் இரைச்சல் இரண்டு சேனலிலும் எதிரெதிர் முகமாக விழும். மோனோ பொத்தானை அழுத்திச் சேனல்களைக் கூட்டினால் அது அடிபட்டுப் போகும். 78 ஆர்பிஎம் தட்டுக்குத் தனி ஊசி, சுமார் 3 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), கட்டாயம்.

டோன் கண்ட்ரோல் இருக்கட்டும், வெட்கப்பட ஒன்றுமில்லை. தேவையில்லாதபோது விலக்கிவிட 'டைரக்ட்' சுவிட்ச் இருந்தால் சரி. பிற்காலத்தில் சப்வூஃபர் சேர்க்க பிரீ-அவுட் (வால்யூமுக்குப் பிந்தைய சிக்னலை வெளியே எடுக்கும் துளை) உதவும்.

ஸ்பீக்கர் ரிலே (ஸ்பீக்கரை இணைக்கவும் துண்டிக்கவும் செய்யும் தானியங்கி சுவிட்ச்) இல்லாததை வாங்கவே வேண்டாம். ஆன் செய்து சில வினாடி கழித்து 'டக்' என்று கேட்க வேண்டும். உள்ளே டிரான்சிஸ்டர் எரிந்து டிசி (நேர் மின்சாரம்) வெளியே வந்தால் ஸ்பீக்கரைக் காப்பது அதுதான். லோட்ஷெடிங் (சுழற்சி முறை மின்வெட்டு) முடிந்து கரண்ட் திரும்பும்போது வோல்டேஜ் எகிறலாம், அந்த நேரம் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் சுத்த சைன் அலை தருவதாக இருக்கட்டும். மலிவான சதுர அலையில் டிரான்ஸ்ஃபார்மர் முனகும்.

அமெரிக்காவிலிருந்து வந்த பழைய பெட்டி என்றால் பின்பலகையைப் படியுங்கள். 120 வோல்ட் மட்டும் போட்டிருப்பதை இங்கே 230இல் செருகினால், ஃபியூஸோடு போவது அதிர்ஷ்டம்.